நாகையிலிருந்து காங்கேசன்துறை: போகக் கப்பல், திரும்ப விமானம்

நீங்கள் பார்க்கப் போகிற ஆள் யாழ்ப்பாணத்தில் இருந்தால், போகும்போது நாகப்பட்டினத்துக் கப்பலில் போங்கள். திரும்பும்போது பலாலியில் விமானம் ஏறுங்கள். இதுதான் என் தீர்ப்பு. சுற்றுலா போகிறவர்களுக்கும் சரக்கு வாங்கி விற்கிறவர்களுக்கும் கணக்கு வேறாக இருக்கும். காதலிக்கிற ஆளை முதல்முறையாக நேரில் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது என்று டிக்கெட் விற்கிறவர்கள் யாரும் நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

எனக்கு மன்னார்குடி. அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். நான் பார்க்கப் போனவருக்கு யாழ்ப்பாணத்துப் பக்கம் இணுவில், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். குறுக்கெழுத்துப் புதிர் போடுகிற ஒரு வாட்ஸ்அப் குழுவில் பழக்கம். மீதிக் கதை உங்களுக்கு வேண்டாம். தூரத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். நாகையிலிருந்து யாழ்ப்பாணத்துத் துறைமுகமான காங்கேசன்துறை கடல்வழியாகச் சுமார் 110 கிலோமீட்டர். எங்கள் வீட்டிலிருந்து திருச்சிக்குப் போவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். திருச்சிக்குப் போய் ஒரு புடவை எடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுகிறோம். இந்த 110 கிலோமீட்டருக்குத்தான் பாஸ்போர்ட், அனுமதி, அம்மாவின் அழுகை எல்லாம்.

இந்தக் கப்பல் ஓடத் தொடங்கியதே சமீபத்தில்தான். முன்பு தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் இருந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது. அப்புறம் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியதும் எண்பதுகளில் போரோடு நின்றது. 2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து 'செரியபாணி' கிளம்பியது, ஆனால் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டதால் ஒரு வாரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' வந்தது. அப்போது சாதாரண இருக்கை ரூ.5,000, உயர்வகுப்பு ரூ.7,500. பிறகு கட்டணம் கொஞ்சம் இறங்கியது. உயர்வகுப்பு தேவையே இல்லை. அலை இரண்டு வகுப்புக்கும் ஒன்றுதான்.

டிக்கெட் போடுவதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கப்பலை நம்பிக் காதலிக்க முடியாது. மழைக்காலம் முடிந்து மாசி வாக்கில்தான் மறுபடி ஓடும். ஓடுகிற காலத்திலும் எல்லா நாளும் ஓடுவதில்லை, காற்று பலமாக இருந்தால் அன்றைய பயணமும் ரத்தாகும். நான் ஆலையில் மார்ச் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டு, சித்திரை விடுமுறையில் போனேன். அவருக்கும் பள்ளிக்கூடம் லீவு. லீவு முடிகிற நாளுக்கு முதல் நாள் கப்பலில் திரும்பலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். முதலாளியிடம் போய் 'கடல் சரியில்லை' என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

காலையில் கிளம்புகிற கப்பல் இது. அதனால் விடிவதற்குள் துறைமுகத்தில் இருக்க வேண்டும். முதல் நாள் ராத்திரியே நாகைக்குப் போய்த் தங்கிவிடுவது நல்லது. குடியகல்வு, சுங்கம் எல்லாம் விமான நிலையம் மாதிரியேதான். இலங்கைக்கான மின்பயண அனுமதியை வீட்டிலிருந்தே எடுத்து, அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் டிக்கெட்டையும் அச்சடித்து வையுங்கள், என்னிடம் கேட்டார்கள். எங்கே தங்குகிறீர்கள், யாரைத் தெரியும் என்றும் கேட்பார்கள். 'நண்பர்' என்று சொன்னால் போதும். நான் பதற்றத்தில் 'நண்பர், கணக்கு ஆசிரியர், இணுவில்' என்று பயோடேட்டாவே ஒப்பித்தேன். அந்த அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வரிசையில் பாதிப் பேர் வேளாங்கண்ணிக்கு வந்துவிட்டு ஊர் திரும்புகிற யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். மொட்டையடித்த தலையோடு குழந்தைகள், மாதா படம், எண்ணெய்ப் புட்டிகள். என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவரும் அப்படி வந்த ஒரு ஆச்சிதான். கப்பல் நகர்வதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முதல் தரமோ பிள்ளை?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மடியிலிருந்து ஒரு எலுமிச்சங்காயை எடுத்து நகத்தால் தோலைக் கீறிக் கையில் கொடுத்தார். "இதை மணந்துகொண்டிருங்கோ. யன்னலைப் பாருங்கோ. போனைப் பாக்காதேங்கோ, சத்தி வரும்." சத்தி என்றால் அவர்கள் ஊரில் வாந்தி. கடற்பயண மருந்து பற்றி இணையத்தில் நான் படித்த எல்லாவற்றையும்விட இது நன்றாக வேலை செய்தது. ஆச்சி சொன்னதில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: காலையில் பூரி சாப்பிடாதீர்கள். இரண்டு இட்லி போதும்.

சுமார் நான்கு மணி நேரப் பயணம். கரையை ஒட்டிப் போகும்வரை ஒன்றும் தெரியாது. நடுக்கடல் வந்ததும் கப்பல் பக்கவாட்டில் சாயும், நிமிரும், மறுபடி சாயும். சித்திரை மாதத்துக் கடல் சாது என்றார்கள். சாதுவே இப்படி என்றால் ஆடிக்காற்றில் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் இருக்கையை விட்டு எழவே இல்லை. முன்வரிசையில் நாகைப் பக்கத்து வியாபாரிகள் சிலர் எந்தச் சலனமும் இல்லாமல் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் கப்பலை நான் சிபாரிசு செய்வதற்குக் காரணம் இந்த நான்கு மணி நேரம்தான். கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் போனில் சிக்னல் போய்விடும். அதுவரை 'கிளம்பிவிட்டேன்', 'ஏறிவிட்டேன்', 'கப்பல் நகர்கிறது' என்று நிமிடத்துக்கு ஒரு செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று அனுப்ப ஒன்றும் இல்லை, அனுப்பவும் முடியாது. பழக ஆரம்பித்த நாளிலிருந்து, இரண்டு பேரும் விழித்திருக்கும்போது இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததே கிடையாது. முதல் ஒரு மணி நேரம் தவிப்பு. போன் திரையில் நல்ல வெளிச்சத்தில் தெரிகிற நான் இல்லையே இது, குள்ளம் என்று நினைத்துவிடுவாரோ, குரல் வேறு மாதிரி இருக்குமோ என்றெல்லாம் ஓடியது. அப்புறம் அந்தத் தவிப்பே அலுத்துப்போய்விட்டது. முதலில் என்ன சொல்வது என்று தயார் செய்து வைத்திருந்த வசனங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அசட்டுத்தனமாகத் தெரிந்து கழன்றுபோயின. சென்னையிலிருந்து விமானத்தில் போனால் ஒன்றேகால் மணி நேரம் போல. அந்த நேரத்தில் சீட் பெல்ட்டைப் போட்டு அவிழ்க்கத்தான் முடியும், பயத்தை அவிழ்க்க முடியாது.

குறை என்று சொன்னால், இறங்கும்போது நம் முகம். குமட்டலும் தூக்கமின்மையும் சேர்ந்து, கண்ணாடியில் என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. காங்கேசன்துறைக்குப் பக்கத்தில் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் இருக்கிறது. அந்தக் கோயிலின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். சோழநாட்டு இளவரசி மாருதப்புரவீகவல்லி, குதிரை முகத்தோடு கடல் தாண்டி வந்து, கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி முகம் மாறி, இந்தக் கோயிலைக் கட்டி, இங்கேயே ஒரு அரசனை மணந்துகொண்டாள் என்கிறார்கள். நானும் சோழநாடுதான். கப்பலில் வந்ததால்தான் அந்த முகம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கீரிமலை வரை காத்திருக்க முடியாதவர்கள், கரை தெரிந்ததும் முகம் கழுவி, தலை வாரி, துப்பட்டாவையாவது மாற்றிக்கொள்ளுங்கள். கைப்பையில் ஒன்று தனியாக இருக்கட்டும்.

இறங்கியதும் ஓடிப்போய்ப் பார்த்துவிட முடியாது. குடிவரவு, சுங்கம், பெட்டிச் சோதனை எல்லாம் முடிந்துதான் வெளியே விடுவார்கள். கூப்பிட வந்தவர்கள் துறைமுக வாசலுக்கு வெளியே வெயிலில் நிற்க வேண்டும். அவரிடம் தொப்பி எடுத்துவரச் சொல்லுங்கள். என் பையில் திருவையாற்று அசோகா அல்வா இருந்தது. சுங்கத்தில் ஒரு பெண் அதிகாரி டப்பாவைத் திறந்து பார்த்து, "என்ன இது, இவ்வளவு சிவப்பு?" என்றார். பாசிப்பருப்பும் நெய்யும் என்றேன். மூடிக் கொடுத்துவிட்டார்.

அவர் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தார். தலையில் ஒன்று, கையில் ஒன்று. அங்கே பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பதால் தங்கையுடையதைக் கடன் வாங்கி வந்திருந்தார். போனில் பேச்சை நிறுத்தாத மனிதர், நேரில் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஹெல்மெட்டை என்னிடம் நீட்டினார். அதன் பட்டியில் கிளிப் உடைந்திருந்தது. அதைச் சரிசெய்கிற சாக்கில் ரொம்ப நேரம் என் தாடைக்குக் கீழேயே பார்த்துக்கொண்டு, ஒரு ரப்பர் பேண்டை வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். விரல்கள் நடுங்கின. தலையில் இருந்த ஹெல்மெட்டை அவர் கழற்றவே இல்லை என்பது எனக்குத் தெல்லிப்பழை தாண்டித்தான் உறைத்தது. "முடி கொட்டினது வீடியோவில வடிவாத் தெரியாது" என்றார். அதற்காகத்தானாம்.

தங்கிய இடத்துக்கு வருகிறேன். நல்லூர்ப் பக்கம் ஒரு விருந்தினர் இல்லம், பெயர் வேண்டாம். வாடகை இணையத்தில் ஒன்று, நேரில் ஒன்று. ஏசி போட்டால் தனிக் காசு என்று சாவியைக் கொடுத்த பிறகுதான் சொன்னார்கள். கார்டு எடுக்கமாட்டார்கள். இவை எல்லாம் எங்கும் இருப்பதுதான். ஆனால் பார்க்க வருகிறவர் வரவேற்பறையில்கூட உட்காரக் கூடாது என்ற விதியை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பாவம், வாத்தியார் வெளியே மதில் ஓரத்தில் வேப்பமரத்தடியில் நின்றார். நான் உள்பக்கம் நின்றேன். பார்க்க வருகிறவர்களை அனுமதிப்பீர்களா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். குளியலறை சுத்தம், கொசுவலை நன்றாக இருந்தது. அதற்காக ஐந்துக்கு இரண்டு.

ஊரில் எங்கே உட்கார்ந்து பேசுவது? இதுதான் பெரிய கேள்வி. சின்ன ஊரில் வாத்தியாரைக் காதலிக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது. நல்லூர் ரியோவில் ஐஸ்கிரீம் சொல்லிவிட்டு உட்கார்ந்தால், அடுத்த மேசையிலிருந்து "வணக்கம் சேர்" என்று கோரஸ். மூன்று மாணவர்கள், அவர்களுடைய அம்மாமார்கள். ஐஸ்கிரீம் நன்றாகத்தான் இருக்கிறது, உருகும் வரை பார்த்துக்கொண்டிருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பரவாயில்லை என்று சொல்லக்கூடியது கோட்டை. மாலையில் மதில்மேல் நல்ல காற்று, பரவைக் கடல் பக்கம் சூரியன் இறங்குகிறது. குடை பிடித்துக்கொண்டு ஜோடிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். மழைக்கும் இல்லை, வெயிலுக்கும் இல்லை. நீங்களும் ஒரு குடை எடுத்துப் போங்கள், பெரியதாக.

அவருடைய வீட்டில் சாப்பிட்டதை மதிப்பெண் போட்டு எழுதினால் நன்றாக இருக்காது. ஆனாலும் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் பற்றி ஒரு வரி சொல்லியே ஆக வேண்டும். அவருடைய அம்மா நான் வாயில் வைக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஐயோ பிள்ளை, உறைக்குதோ?" என்று ஓடிப்போய்ச் சொதியை ஊற்றினார். அதன் பிறகு அந்த வீட்டில் என்னை யாரும் விருந்தாளியாக நடத்தவில்லை. தேங்காய் துருவக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது திரும்பும் விஷயம். 2025 மார்ச் கடைசியில் திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேரடி விமானம் தொடங்கினார்கள். காவிரிப் படுகைக்காரர்களுக்கு இது பெரிய வசதி. சென்னைக்கும் இருக்கிறது. பலாலி சின்ன விமான நிலையம், இணுவிலிலிருந்து மோட்டார் சைக்கிளில் அரைமணி நேரம். சின்ன விமானம், உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்குள் திருச்சி. பிரியும்போது இந்த வேகம்தான் வேண்டும். நான்கு மணி நேரம் சிக்னல் இல்லாமல் அழுதுகொண்டே அலையில் ஆடிக்கொண்டு வருவதை என் எதிரிக்கும் சொல்லமாட்டேன். அப்புறம், அம்மாமார் கொடுத்தனுப்புகிற மிளகாய்த்தூள், பனங்கட்டி, ஒடியல் எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் போட்டு எடை பாருங்கள். கைப்பையில் வைத்தால் சோதனையில் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். மிளகாய்த்தூள் பொட்டலத்துக்கு மேல் இன்னொரு உறை போடுங்கள். என் சுடிதார்கள் இன்னும் காரமாக இருக்கின்றன.

அடுத்தது அவர் மன்னார்குடிக்கு வருகிற முறை. விசாவுக்குத் தாள் சேர்த்துக்கொண்டிருக்கிறார். கப்பலில் வந்து பார், அந்த நான்கு மணி நேரத்தின் அருமை தெரியும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகிற படகிலேயே சத்தி எடுக்கிற ஆள், விமானம்தான் என்று பிடிவாதமாக இருக்கிறார். போகட்டும். எலுமிச்சங்காய் தருகிற ஆச்சியும் எல்லா நாளும் வரமாட்டார்.