லீவில் ஊருக்குப் போய் ஹெடர் மாட்டுவதென்றால்

ஊரில் நிற்கும் சின்ன ஹேட்ச்பேக் காருக்கு ஹெடர் (என்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் மேனிஃபோல்டுக்குப் பதிலாகப் போடும் குழாய் அமைப்பு) மாட்டும் எண்ணம் இருந்தால், வண்டியை லீவின் முதல் வாரத்திலேயே பட்டறையில் விட்டுவிடுங்கள். மாட்டுவது ஒரு நாள் வேலைதான். ஆனால் அதன் பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, நட்டுகளை இன்னொரு தடவை முடுக்கி, கசிவு இல்லை என்று பார்த்தால்தான் வேலை முடிந்த கணக்கு. ஃபிளைட்டுக்கு முந்தின நாள் மாட்டிவிட்டுக் கிளம்பினால், அதற்குப் பின் வரும் டிக் டிக் சத்தம் வீட்டில் ஓட்டுகிறவர்கள் தலையில்தான் விடியும்.

முதலில் என்ஜின் எது என்று பார்க்க வேண்டும். ஃபோக்ஸ்வாகனின் 1.0 டி.எஸ்.ஐ.யில் மேனிஃபோல்ட் சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டது. அதில் ஹெடர் என்ற பேச்சுக்கே இடமில்லை, டர்போவுக்கு அடுத்து வரும் டவுன்பைப்பை மட்டும் மாற்றலாம். டர்போ இல்லாத பல 1.2 வண்டிகளில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் மேனிஃபோல்டோடு ஒட்டியே வரும். "அதை வெட்டிடலாம் சார், நல்லா இழுக்கும்" என்று சொல்லும் பட்டறையிலிருந்து அப்போதே கிளம்பிவிடலாம். செக் என்ஜின் லைட் எரியும், புகைச் சான்றிதழ் சிக்கலாகும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கன்வர்ட்டரை வைத்துக்கொண்டே செய்யும் ஹெடர்தான் வேண்டும். கன்வர்ட்டரும் என்ஜினுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தள்ளிப் போனால் சூடேற நேரமாகும், அதுவரை புகை சுத்தமாகாது.

நம் ஊர்ப் பட்டறைகளில் இரும்பு வேலைக்குக் குறைவே இல்லை. குறிப்பாக ரேஸ் வண்டிகளில் கை பழகிய கோவைப் பக்கத்து வெல்டர்கள் எஸ்.எஸ்.304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயில் போடும் ஆர்கான் வெல்டிங்கைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் வெளியே அழகாக இருந்தால் போதாது. வெல்டிங் போடும்போது குழாயின் உள்ளேயும் ஆர்கான் வாயு ஓட வேண்டும். இல்லாவிட்டால் உள்பக்கம் கருகிப்போன சர்க்கரை மாதிரி பொருக்குக் கட்டும். அது புகையின் ஓட்டத்தைத் தடுக்கும், அந்த இடத்திலேயே நாளடைவில் விரிசலும் விடும். முதல் குழாய் முடிந்ததும் ஃபிளாஷ்லைட் அடித்து உள்ளே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, குழாய்களை ஜோடி சேர்ப்பது. தினசரி ஓட்டும் நான்கு சிலிண்டர் 1.2 வண்டிக்கு, நான்கு குழாய் இரண்டாகி பிறகு ஒன்றாகச் சேரும் 4-2-1 வடிவம்தான் பொருத்தம், நடு ஆர்.பி.எம்.மில் இழுவை கிடைக்கும். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2 என்றால் 1-ஐயும் 4-ஐயும் ஒரு ஜோடியாக, 2-ஐயும் 3-ஐயும் மற்றொரு ஜோடியாகச் சேர்க்க வேண்டும். வளைப்பது சுலபம் என்று 1-2, 3-4 என்று சேர்த்துவிட்டால் 4-2-1 போட்டதன் பலனே போய்விடும். ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வரும் பிரைமரி குழாயின் அளவு ஹெட்டின் போர்ட்டை (புகை வெளிவரும் துளையை) ஒட்டி இருக்கட்டும். பெரிய குழாய் போட்டால் பவர் கூடும் என்பது தப்புக் கணக்கு. புகையின் வேகம் குறைந்து, கீழ் கியரில் வண்டி மந்தமாகிவிடும்.

ஹெட் பக்கத்து ஃபிளாஞ்ச் (குழாய்களை ஹெட்டோடு சேர்க்கும் தட்டை முகம்) 10 மி.மீ. தகடாக இருப்பது நல்லது. வெல்டிங் சூட்டில் அது வளையத்தான் செய்யும். அதனால் வேலை முடிந்ததும் லேத்தில் கொடுத்து முகத்தைச் சமன் செய்யச் சொல்லுங்கள். ஸ்டீல் ஸ்கேலை வைத்து, அடியில் 0.1 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் மாட்ட விடாதீர்கள். "பேக்கிங் போட்டா சரியாயிடும்" என்பார்கள், ஆகாது. இடைவெளியை அடைக்க சிலிக்கான் பேஸ்ட் தடவுவது அதைவிட மோசம். அந்தச் சூட்டில் அது எரிந்துபோகும், அதிலிருந்து வரும் ஆவி, புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாரைக் கெடுக்கும். புது ஸ்டீல் பேக்கிங் ஒன்று, அதுவும் காய்ந்த நிலையில் போட்டால் போதும்.

மேனிஃபோல்டைப் பிடிக்கும் பழைய ஸ்டட்டுகளுக்கு (தலையில்லாத போல்ட்டுகளுக்கு) முந்தின நாள் இரவே துருநீக்கி எண்ணெய் அடித்து வைக்கச் சொல்லுங்கள். அலுமினிய ஹெட்டில் ஸ்டட் உடைந்தால், மிச்சத்தின் மேல் நட்டு வைத்து வெல்டு செய்து திருப்பி எடுப்பதுதான் நல்ல வழி, அந்தச் சூடே பிடியைத் தளர்த்திவிடும். புது ஸ்டட்டும் செம்பு பூசிய புது நட்டும் போட்டு, நடுவிலிருந்து இரு பக்கமும் மாற்றி மாற்றி இரண்டு மூன்று சுற்றாக முடுக்க வேண்டும். எம்8 நட்டுக்குச் சுமார் 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு, ஆனாலும் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே முடிவு. முறுக்கை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் எல்லாப் பட்டறையிலும் இருக்காது, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கீழே வளைந்து கொடுக்கும் ஃபிளெக்ஸ் ஜாயின்ட்டும் தாங்கு பிராக்கெட்டும் கட்டாயம். குறுக்கே வைத்த என்ஜின் ஒவ்வொரு ஆக்ஸிலரேட்டருக்கும் அசையும், இவை இல்லாவிட்டால் அந்த அசைவெல்லாம் குழாய்கள் ஒன்றுசேரும் கலெக்டர் வெல்டிங்கில் விழுந்து அங்கே விரிசல் விடும்.

ஆக்சிஜன் சென்சாரைத் திருகி மாட்ட எம்18×1.5 மரை கொண்ட போஸ் (குழாயில் வெல்டு செய்யும் வளையம்) வேண்டும். அதைப் படுக்கை மட்டத்துக்குக் கீழே சாய்க்கக் கூடாது, குறைந்தது 10 டிகிரி மேலே தூக்கி வைத்தால்தான் முனையில் தண்ணீர் தேங்காது.

கசிவு பார்க்க, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது சைலன்சர் முனையில் புளோயரை வைத்துக் காற்றடித்து, ஃபிளாஞ்ச்களில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் போதும். சென்சாருக்கு முன்னால் நூலளவு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகும். பெட்ரோல் குறைவாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு என்ஜின் கம்ப்யூட்டரான இ.சி.யு. கூடுதலாக ஊற்றும். மைலேஜ் விழும், ஸ்கேனரில் பி0171 (கலவையில் பெட்ரோல் குறைவு) என்ற கோடு வரும். அப்போது சென்சாரை மாற்றச் சொல்வார்கள், அதற்கு முன் கசிவைத் தேடச் சொல்லுங்கள்.

கழற்றிய ஒரிஜினல் மேனிஃபோல்டைக் காயலான் கடைக்குப் போட விடாமல், ஹீட் ஷீல்டு போல்ட்டுகளோடு எண்ணெய் தடவி வீட்டில் கட்டி வைத்துவிட்டு வாருங்கள். வண்டியை விற்கும்போதும், புதியதில் விரிசல் விட்டு வெல்டர் கிடைக்காத வாரத்திலும் அது வேண்டியிருக்கும்.