டூர்பியோன்: பிரெகேயா, லாங்கேயா, வஷெரோனா?

நேரம் துல்லியமாகக் காட்டும் என்பதற்காக டூர்பியோன் (உள்ளே சுழலும் கூண்டு வைத்த கடிகாரம்) வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் சிரிப்புதான் வருகிறது. 1801-ல் கடிகாரக் கலைஞர் பிரெகே இதற்குக் காப்புரிமை வாங்கியது சட்டைப்பைக் கடிகாரங்களை மனதில் வைத்து. பைக்குள் நாள் முழுக்க நிமிர்ந்தே கிடப்பதால் புவியீர்ப்பு ஒரே பக்கமாக இழுத்து நேரம் பிசகும். பேலன்ஸ் வீலை, அதாவது இங்கும் அங்கும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரத்தை, கூண்டோடு சேர்த்துச் சுற்ற விட்டால் அந்தப் பிழை தன்னைத்தானே சரிக்கட்டிக்கொள்ளும். மணிக்கட்டுதான் ஒரு நிலையில் நிற்பதே இல்லையே! ஆக, இன்று இது கண்ணுக்காகக் கொடுக்கும் காசு. சிங்கப்பூரில் ஒரு லட்சம் வெள்ளிக்குக் குறைந்து பிரெகே, லாங்கே, வஷெரோன் என்ற இந்த மூன்று கம்பெனி டூர்பியோனில் எதுவும் புதிதாகக் கிடைக்காது, 9% ஜிஎஸ்டி வேறு.

உடுப்புக்குப் பொருத்தம் என்று பார்த்தால் பிரெகே 5367-ஐ அடிக்க ஆளில்லை. மூவ்மெண்ட், அதாவது உள்ளே ஓடும் இயந்திரம், வெறும் 3 மி.மீ., கேஸோடு சேர்த்தே ஏழரை மி.மீ.க்குள் அடங்கிவிடுகிறது. அதுவும் ஆட்டோமேட்டிக்: கை அசைவில் சுற்றித் தானே சாவி கொடுக்கும் பிளாட்டினம் ரோட்டர் மூவ்மெண்ட்டின் விளிம்பில் ஓடுவதால் தடிமனும் கூடவில்லை, பின்பக்கத்தை மறைப்பதும் இல்லை. பெருமாள் கோயில் கல்யாணத்துக்கு முழுக்கைச் சட்டை போட்டுப் போனால் கஃபுக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும். வெள்ளை எனாமல் டயலில் கூண்டு நடுவில் இல்லாமல் ஐந்து மணிப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது. சிலருக்கு அது உறுத்தும், எனக்கு அதுதான் அழகு.

லாங்கே 1815 டூர்பியோன் வேறு ஜாதி. 39.5 மி.மீ. அகலம்தான், ஆனால் தடிமன் 11 மி.மீ.க்கு மேல், சாவியும் கையால்தான் கொடுக்க வேண்டும். சரி, அப்புறம் எதற்கு இது? கிரவுனை (பக்கவாட்டில் இருக்கும் திருகுக் குமிழ்) இழுத்துப் பாருங்கள். V வடிவ மெல்லிய ஸ்பிரிங் ஒன்று கூண்டுக்குள் நுழைந்து பேலன்ஸ் வீலின் விளிம்பைத் தொட்டு நிறுத்துகிறது. கூண்டின் தூண் குறுக்கே வந்து ஒரு கரத்தைத் தடுத்தாலும் இன்னொரு கரம் போய்த் தொட்டுவிடும், அதற்காகத்தான் இரண்டு கரம். அதே நொடியில் விநாடி முள் பூஜ்யத்துக்குத் தாவி நிற்கும். டூர்பியோனை விநாடி பிசகாமல் நிறுத்தி வைப்பது லேசுப்பட்ட வேலையில்லை. லாங்கே இதை முதலில் 2008-ல் கபாரே மாடலில் செய்து காட்டியது. கடையில் கேட்டால் இழுத்துக் காட்டுவார்கள், வெட்கப்படாமல் கேளுங்கள்.

வஷெரோன் கான்ஸ்டன்டின் டிரடிஷனெல் இரண்டுக்கும் நடுவில், 10.4 மி.மீ. இதுவும் விளிம்பு ரோட்டர்தான். மால்டா சிலுவை வடிவக் கூண்டுக்குள் பேலன்ஸ் வீல் மணிக்கு 18,000 அதிர்வு என்று நிதானமாக ஆடுவதால், சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்க மூன்றிலும் இதுதான் சுகம். ஆனால் டயல் எனக்கு ரொம்ப அடக்கம்.

என் காசாக இருந்தால் லாங்கே. கட்டிக்கொண்டு போக மட்டும் என்றால் பிரெகே. எதை வாங்கினாலும் முதலைத் தோல் ஸ்ட்ராப்பை நம் ஊர் வியர்வையில் தினமும் கட்டாதீர்கள், சீக்கிரமே நாற ஆரம்பித்துவிடும். கூடவே ஒரு ரப்பர் ஸ்ட்ராப் வாங்கி வையுங்கள், பிரெகேயில் ரப்பரா என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும்.