காசும் இல்லை, திருட்டும் இல்லை: சில வருடங்களாகப் பாட்டு இறக்கிய அனுபவம்

புதுப்படப் பாட்டு சட்டப்படி, அதுவும் ஓசியில், எம்பி3 கோப்பாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த ஆசையை விட்டுவிட்டால் கேட்டுத் தீராத அளவுக்கு இசை இருக்கிறது.

என் ஹார்ட் டிஸ்கை அதிகம் அடைத்திருப்பது இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகம். அதன் நேரடிக் கச்சேரிப் பிரிவு 2002-ல் தொடங்கியது. ரசிகர்கள் பதிவு செய்து காசில்லாமல் பகிர்ந்துகொள்ளட்டும் என்று அனுமதித்த குழுக்களின் மேடைப் பதிவுகள் அங்கே உண்டு. அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட்டுடையது மட்டுமே ஆயிரக்கணக்கில். அதில் சிலவற்றுக்கு இறக்கும் வசதியே இருக்காது, கோளாறு இல்லை. கூட்டத்தில் மைக் வைத்துப் பிடித்ததை இறக்கலாம், மேடையின் ஒலிக் கலவைக் கருவியான மிக்சரிலிருந்து நேரடியாக எடுத்ததைக் கேட்க மட்டுமே முடியும். 2005-லிருந்து இப்படித்தான். ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாக இறக்கினால் இடத்தை விழுங்கும். பஸ்ஸில் கேட்க எம்பி3 போதும். பக்கத்தில் நின்றவர் பேசுவதும் சேர்ந்து கேட்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஆனால் ஆர்க்கைவில் இருப்பதெல்லாம் சட்டப்படியானது இல்லை. யார் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பதால் பழைய தமிழ்ப் பாட்டுகளும் கிடக்கும். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 வருடம்தான் உரிமை. பாட்டு வரிக்கோ எழுதியவர் மறைந்த பிறகும் 60 வருடம். பாபநாசம் சிவன் மறைந்தது 1973-ல். அதனால் 1930களின் இசைத்தட்டு உரிமை முடிந்திருந்தாலும் அவர் வரிகளுக்கு 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது. அதே காலத்துத் தட்டில் தியாகராஜர் கீர்த்தனை என்றால் இந்தச் சிக்கல் இல்லை.

மேற்கத்திய சாஸ்திரிய இசைக்கு மியூசோப்பன் என்ற தளம் போதும். இலவசக் கணக்குக்கு வரம்பு உண்டு, பரவாயில்லை. பியானோ பிடிக்குமென்றால் கிமிகோ இஷிசாகா 2012-ல் வாசித்து, எந்த உரிமையும் வைத்துக்கொள்ளாமல் வெளியிட்ட பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை முதலில் இறக்குங்கள். காசு கொடுத்து வாங்கிய பல ஆல்பங்களைவிட ஒலித்தரம் மேல்.

வீடியோவுக்குப் பின்னணி இசை தேடுபவர்களுக்கு ஃப்ரீ மியூசிக் ஆர்க்கைவ் என்ற தளம். கிரியேட்டிவ் காமன்ஸ் (படைப்பாளர் சில நிபந்தனைகளோடு முன்கூட்டியே அனுமதி தரும் உரிமம்) என்று பார்த்ததும் எடுத்துவிடாதீர்கள். என்சி என்றிருந்தால் வணிக வேலைக்கு ஆகாது. என்டி என்றிருந்தால் வீடியோவில் சேர்ப்பதே கூடாது, அது தழுவலாகிவிடும். வெறும் பிஒய் என்றால் பெயர் போட்டால் போதும். அப்படிப் பெயர் போட்டும் ஒரு தடவை நான் ஏற்றிய வீடியோவுக்கு உரிமைக் கோரல் வந்தது. உரிமப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பிய பிறகே விலகியது. கோப்பை இறக்கும்போதே அதையும் அதே ஃபோல்டரில் போட்டுவிடுவது என் வழக்கம்.

கலைஞர்களே தங்கள் பாட்டை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் 'விலையை நீங்களே சொல்லுங்கள்' என்றிருந்தால் பூஜ்யம் போட்டும் வாங்கலாம், ஃப்ளாக்கிலேயே. கலைஞருக்கு மாதம் 200 இலவச இறக்கம்தான் ஒதுக்கீடு. நேற்று ஓசியில் இருந்த பாட்டு இன்று காசு கேட்டால் காரணம் அதுவாக இருக்கலாம். அடுத்த மாதம் போய்ப் பாருங்கள், அல்லது ஒரு டீ காசைக் கொடுத்துவிடுங்கள்.