தனாக்காவா, டார்விஷா? டோக்கியோ டோம் வெண்கலப் பலகைக்கு யார் முந்துவார்?

2025 ஜூலை இறுதியில் ஜப்பானிய பேஸ்பால் பிட்சர் (பந்துவீச்சாளர்) யூ டார்விஷ் தன் 204-வது வெற்றியைப் பெற்றார். பேஸ்பாலில் ஒவ்வொரு வெற்றியும் தோல்வியும் ஒரு பிட்சரின் பெயரில் எழுதப்படும். ஜப்பான், அமெரிக்கா இரண்டையும் சேர்த்த கணக்கில் ஓய்வு பெற்ற பிட்சர் ஹிரோகி குரோடாவின் 203 அன்றோடு பின்தங்கியது. இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 30-ல், இன்னொரு ஜப்பானிய பிட்சர் மசஹிரோ தனாக்கா 200-ஐத் தொட்டார். டோக்கியோ டோமுக்குள் இருக்கும் ஜப்பான் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவக் கூடத்தின் வெண்கலப் பலகைகளில் இந்த இருவரின் முகமும் ஒருநாள் வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருவரில் யாருடைய தகுதி பெரியது என்பதில்தான் வாதம்.

முதலில் விதிமுறை. ஓய்வு பெற்று ஐந்து ஆண்டு கழிந்திருக்க வேண்டும். நீண்ட அனுபவமுள்ள பேஸ்பால் நிருபர்கள் வாக்களிப்பார்கள். ஒருவர் ஏழு பேர் வரை எழுதலாம். 75 சதவீதம் கிடைத்தால் உள்ளே. அமெரிக்க ஹால் ஆஃப் ஃபேமுக்கு அங்கே பத்து சீசன் ஆடியிருக்க வேண்டும். ஜப்பானில் அப்படி நீண்ட காலம் ஆடியாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஜப்பானில் ஐந்தே சீசன் ஆடி 78 வெற்றி பெற்றுவிட்டு அமெரிக்கா போன ஹிடேயோ நோமோ, 2014-ல் முதல் வாய்ப்பிலேயே தேர்வானார். கடல் தாண்டிய ஒவ்வொருவரின் வழக்கும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தனாக்காவுக்கு நோமோவை விட நெருக்கமான முன்னுதாரணம் குரோடா. ஜப்பானில் 124, அமெரிக்காவில் 79 வெற்றி பெற்ற குரோடா 2024-ல் உள்ளே போனார். தனாக்காவின் கணக்கு 122-ம் 78-ம். அச்சில் வார்த்தது போன்ற இந்த ஒற்றுமையைப் பார்த்த பிறகும் அவரை மறுக்க எந்த வாக்காளருக்கு மனம் வரும்? அதோடு குரோடாவிடம் இல்லாத ஒன்று தனாக்காவிடம் இருக்கிறது: 2013.

அந்த சீசனில் செண்டாய் நகரின் ரகுடென் அணிக்காக 24 வெற்றி, தோல்வி பூஜ்யம். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி 1.27. இறுதித் தொடரான ஜப்பான் சீரிஸின் ஆறாவது ஆட்டத்தில் 160 பந்து வீசியும் தோற்றார். அந்த ஆண்டில் அவர் கண்ட முதல் தோல்வி அது. மறுநாள் ஏழாவது ஆட்டம். 3-0 என்று முன்னிலையில் இருக்கும்போது கடைசி இன்னிங்ஸுக்கு மறுபடி அவரே பந்துவீசும் மேடேறி வந்து இன்னும் 15 பந்து வீசி முடித்தார். நிலநடுக்கமும் சுனாமியும் வடகிழக்கைச் சிதைத்து இரண்டரை ஆண்டே ஆகியிருந்தது. ரகுடென் அணிக்கு அது முதல் கோப்பை. முந்தின நாள் 160 பந்து வீசிய கையை மறுநாள் பயன்படுத்தியது சரியா என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். ஆனாலும் பல தலைமுறை தாண்டிப் பேசப்படப்போகும் இன்னிங்ஸ் அது.

இப்போது டார்விஷ். 2007 முதல் 2011 வரை தொடர்ந்து ஐந்து சீசன் சராசரி 2-க்குக் கீழ். அமெரிக்கா போகும் முன் ஜப்பானில் மொத்தம் 93 வெற்றி, 38 தோல்வி, சராசரி 1.99. இரண்டு முறை லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருது. தனாக்காவுக்கு அது ஒருமுறைதான். மறுபக்கம், சிறந்த பிட்சருக்கான சவாமுரா விருது தனாக்காவுக்கு இரண்டு, டார்விஷுக்கு ஒன்று.

இருவரையும் ஒரே தராசில் நிறுத்த 2011 சீசன் உதவுகிறது. பந்து பறக்காத ஆண்டு அது. லீக் முழுதும் ஒரே வகைப் பந்துக்கு மாறியதால் ரன்களே வற்றிப்போயின. தனாக்கா 19 வெற்றி, 1.27. டார்விஷ் 18 வெற்றி, 1.44. சவாமுரா விருது தனாக்காவுக்குப் போனது. அதை மட்டும் பார்த்தால் தனாக்கா பக்கம் சாயலாம். ஆனால் டார்விஷ் அந்த உயரத்தில் ஐந்து ஆண்டு நின்றார்.

அவருடைய தோல்வியில் கூட அந்த உயரம் தெரியும். 2007 ஜப்பான் சீரிஸ், ஐந்தாவது ஆட்டம். டார்விஷ் ஏழு இன்னிங்ஸில் 11 பேரை ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க விடாமல் அவுட்) செய்து, விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு ரன். எதிரே சுனிச்சி அணியின் டைசுகே யமாயும் ஹிட்டோகி இவாசேவும் சேர்ந்து ஒருவரைக்கூட பேஸை எட்டவிடாமல் ஆட்டத்தை முடித்தார்கள். 1-0. ஒன்பதாவது இன்னிங்ஸை வீசிய இவாசே 2025-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போய்விட்டார். அன்று தோற்ற டார்விஷ் இன்னும் ஓய்வே பெறவில்லை. முழங்கை அறுவை சிகிச்சையால் 2026-ல் ஆட மாட்டார் என்பதால் அவருடைய காத்திருப்பு நீளும்.

என் வாக்கு டார்விஷுக்குத்தான் முதலில். தனாக்காவின் ஓர் ஆண்டு டார்விஷின் எந்த ஆண்டையும் விடப் பெரியது. டார்விஷின் பயணம் மொத்தத்தில் பெரியது.

பேட்டர்கள் பக்கம் வந்தால் ஹயாட்டோ சகாமோட்டோவுக்குப் போட்டியே இல்லை. சுவையான தகவல் ஒன்று: ஹியோகோ மாகாணத்தின் இடாமியில் சிறுவர் அணியில் இவரும் தனாக்காவும் ஒன்றாக ஆடியவர்கள். அப்போது சகாமோட்டோ பிட்சர், தனாக்கா அவர் பந்தைப் பிடிக்கும் கேட்சர்! 2025-ல் யோமியூரி ஜயன்ட்ஸில் மறுபடி ஒரே அணியில் சேர்ந்தார்கள். இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே ஃபீல்டிங் செய்யும் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்று ஆடுவது உடம்பைக் கரைக்கும் வேலை. அங்கே நின்றுகொண்டே 2016-ல் லீக்கின் உயர்ந்த சராசரிக்கான பேட்டிங் பட்டம் வென்றார். ஜப்பானின் இரண்டு லீக்குகளில் ஒன்றான சென்ட்ரல் லீக்கில் வேறு எந்த ஷார்ட்ஸ்டாப்பும் அதற்கு முன் செய்யாதது. 2019-ல் 40 ஹோம் ரன் (பந்தை வேலி தாண்டி அடிப்பது). 2020-ல், 31 வயதில், 2,000 ஹிட் (பந்தை அடித்து பேஸை எட்டுவது). இப்போது 2,400-ஐத் தாண்டியாயிற்று. இவர் முதல் வாய்ப்பிலேயே தேர்வாகாவிட்டால் வாக்காளர்களைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

எனக்குக் கவலை டகேயா நகாமுராவைப் பற்றி. செய்பு அணியின் இந்தக் கனத்த உடம்புக்காரர் ஆறு முறை ஹோம் ரன் பட்டம் வென்றவர். அதைவிட அதிகம் வென்றவர்கள் சடஹாரு ஓவும் கட்சுயா நோமுராவும் மட்டுமே. தனாக்காவும் டார்விஷும் எல்லோரையும் அடக்கி வைத்த அதே 2011-ல், அதே லீக்கில், பறக்காத அதே பந்தை 48 முறை வேலிக்கு அப்பால் அனுப்பினார். அந்த ஆண்டு லோட்டே அணி முழுவதும் சேர்ந்து அடித்தது 46. ஒரு மனிதர் ஓர் அணியை விட அதிகமாக அடித்திருக்கிறார்! ஆனால் ஜப்பானிய வரலாற்றில் அதிக முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனவரும் இவரே. பேட்டிங் சராசரியையும் 2,000 ஹிட் என்ற எல்லையையும் பார்த்தே பழகிய கண்கள் இவரைத் தள்ளிவைக்குமோ என்று அஞ்சுகிறேன். அமெரிக்க வீரர் ரேண்டி பாஸுக்கு அப்படித்தான் ஆனது. 1985, 1986 என அடுத்தடுத்து இரண்டு ட்ரிபிள் கிரவுன் (சராசரி, ஹோம் ரன், ரன் சேர்ப்பு மூன்றிலும் முதலிடம்) வென்றவரை 2023 வரை காக்க வைத்தார்கள். நகாமுராவுக்கும் சகாமோட்டோவுக்கும் இடையே ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சகாமோட்டோ என்பேன். ஆனால் வாக்குச் சீட்டில் ஏழு இடம் இருக்கிறதே, நகாமுராவை விட்டுவிட என்ன காரணம்?

டெட்சுடோ யமாடாவும் யூகி யனகிடாவும் இடைநிலை. மூன்று சீசனில் .300 சராசரி, 30 ஹோம் ரன், 30 ஸ்டீல் (அடுத்த பேஸுக்குத் திருடி ஓடுவது) மூன்றையும் ஒருசேர எட்டியவர் யமாடா. வேறு யாரும் அதை இரண்டாவது முறை செய்ததில்லை. ஆனால் பிற்பகுதி சரிந்துவிட்டது. யனகிடாவுக்கு 2015, 2020 என இரண்டு மிகச்சிறந்த வீரர் விருதுகள் உண்டு. இவருக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

பந்தும் வீசி பேட்டும் பிடிக்கும் ஷோஹெய் ஓட்டானியைப் பற்றி வாதிட ஒன்றுமில்லை. இளையவர்களில் யோஷினோபு யமமோட்டோ என்னை அதிகம் யோசிக்க வைக்கிறார். 2021 முதல் 2023 வரை தொடர்ந்து மூன்று சவாமுரா, மூன்று மிகச்சிறந்த வீரர் விருது. ஜப்பானில் அவர் பெற்றது 70 வெற்றி. நோமோவின் 78-ஐ விடக் குறைவு. ஆனால் சராசரி 1.82. போதாததற்கு அமெரிக்காவின் இறுதித் தொடரான 2025 உலக சீரிஸில் மூன்று வெற்றியோடு தொடரின் சிறந்த வீரர் விருதும் வாங்கிவிட்டார். நோமோவுக்குத் திறந்த கதவை இவருக்கு மூட முடியாது. 22 வயதில் 56 ஹோம் ரன்னோடு ட்ரிபிள் கிரவுன் வென்ற முனெடகா முராகாமி, 2026-க்கு சிகாகோ வைட் சாக்ஸில் சேர்ந்திருக்கிறார். அவருக்கு இன்னும் நான்கைந்து நல்ல ஆண்டுகள் தேவை.