ஐந்து குதிரைத்திறன் சோலார் பம்புசெட்: வெயில் திறக்கிறது, கடவுச்சொல் பூட்டுகிறது

தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டுப் பக்கத்தில் எங்கள் நிலத்தின் ஆழ்துளைக் கிணற்றில், 2022-இல், விவசாயிகளுக்கு மானியத்தில் சோலார் பம்பு தரும் மத்திய அரசின் குசும் திட்டத்தின் கீழ் ஐந்து குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டாரும் அதற்கான 4,800 வாட் சூரியப் பலகைகளும் பொருத்தினேன். மூன்று குறுவைகளை அதனோடு கடந்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ஒரே பருவத்தில் பம்பை எடைபோடுவது, நாற்றைப் பார்த்து மகசூல் சொல்வது போன்றது.

தண்ணீர் பற்றி முதலில். காலை ஒன்பதரை மணிக்குக் குழாய் நிறைந்து விழத் தொடங்கி, மாலை மூன்றரை வரை அந்த வேகம் குறைவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கொண்டால் மோட்டார் திணறும் என்று பலர் பயமுறுத்தினார்கள். திணறத்தான் செய்கிறது, ஆனால் டெல்டாவில் அந்த மாதங்களில் வயலிலிருந்து தண்ணீரை வடிப்பதுதான் வேலை. உண்மையான சோதனை 2024-இல் வந்தது. வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்க வேண்டிய மேட்டூர் அணை அந்த ஆண்டு ஜூலை 28 அன்றுதான் திறக்கப்பட்டது. அதுவரை நாற்றங்காலையும் நடவையும் காப்பாற்றியது இந்தப் பலகைகளே.

காப்பாற்றியது என்று எழுதினாலும், இடையில் பதினோரு நாள் கைவிட்டது. ஜூலை முதல் வாரம், பலகையின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றி ஓட்டும் பெட்டியான கன்ட்ரோலரின் திரையில் ஒரு பிழை எண் தோன்றி மோட்டார் நின்றுவிட்டது. நாற்பது ஆண்டுகளாக இந்த வட்டாரத்து மோட்டார்களுக்குக் காயில் கட்டிவரும் அண்ணன் ஒருவர் வந்து, ஒயர், மோட்டார், கிணறு மூன்றையும் சோதித்து எல்லாம் சரியென்றார். கன்ட்ரோலருக்குள் உள்ள அமைப்பை (செட்டிங்) மாற்ற வேண்டும், அதற்கோ கடவுச்சொல் கேட்டது. அது நிறுவனத்தின் ஆளிடம் மட்டுமே இருக்கும். அந்த ஆள் பதினோராம் நாள் வந்து, நாலு பொத்தானை அழுத்தி, தேநீர்கூட முடியுமுன் சரிசெய்துவிட்டார்.

இது காப்புரிமையின் விளைவு என்றுதான் நான் முதலில் நினைத்தேன். சட்டத்தைப் புரட்டியபோது அப்படியில்லை என்று தெரிந்தது. சிலிக்கான் சூரியக்கலம் 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. காப்புரிமையின் ஆயுள் இருபது ஆண்டு என்பதால், அந்த அடிப்படை எப்போதோ பொதுச்சொத்தாகிவிட்டது. என் பலகைகளில் இருக்கும், பின்பக்கப் படலத்தால் கூடுதல் மின்சாரம் தரும் 'பெர்க்' வகைக் கலத்தின் மூலம்கூட 1980-களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவானதுதான். அதன் பிற்காலத் திருத்தங்களுக்காக 2019-இல் ஹன்வா கியூ செல்ஸ் நிறுவனம் போட்டி நிறுவனங்கள் மீது அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் வழக்குத் தொடுத்தது. ஆனால் காப்புரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி. இந்தியாவில் பதியாத கண்டுபிடிப்பை இங்கே செய்யவோ விற்கவோ தடையில்லை.

கன்ட்ரோலரின் கதை இன்னும் விசித்திரமானது. வெயிலுக்கேற்பப் பலகையிலிருந்து உச்ச மின்திறனைப் பிடிக்கும் முறை பொறியியல் மாணவர்கள் பாடமாகப் படிக்கும் பழைய சங்கதி. நமது 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவோ, வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமையே இல்லை என்கிறது. ஆக, என்னைத் தடுத்தது காப்புரிமை அல்ல, ரகசியம். காப்புரிமை கேட்பவர், தம் கண்டுபிடிப்பைத் துறை அறிந்த இன்னொருவர் செய்து பார்க்கும் அளவுக்கு முழுமையாக எழுதிக்கொடுத்தாக வேண்டும். அதற்கு ஈடாகத்தான் இருபது ஆண்டுத் தனியுரிமை. கடவுச்சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவர் எதையும் எழுதிக்கொடுப்பதில்லை, இருபது ஆண்டுக் கணக்கும் அவருக்குக் கிடையாது. பொதுமக்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்காத மருந்துக்காக 2012-இல் இந்தியா, காப்புரிமையாளரின் சம்மதமின்றியே வேறொருவர் தயாரிக்க அனுமதிக்கும் தன் முதல் கட்டாய உரிமத்தை வழங்கியது. காப்புரிமையே இல்லாத பூட்டுக்கு அந்தச் சாவியும் பொருந்தாது.

பொருந்தக்கூடிய சாவி சுற்றுச்சூழல் கொள்கையிடம் இருக்கிறது. இந்தப் பம்பின் விலையில் பாதிக்கு மேல் மத்திய, மாநில அரசுகளின் பணம். கலமும் பலகையும் உள்நாட்டில் செய்தவையாக இருக்க வேண்டும், ஐந்தாண்டுப் பராமரிப்பு வேண்டும், தொலைவிலிருந்து கண்காணிக்கும் கருவி வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை போடும் அரசால், உள்ளூர் மெக்கானிக் திறக்கக்கூடிய கன்ட்ரோலர் வேண்டும் என்றும் ஒரு வரி சேர்க்க முடியும். என் பம்பில் தொலைக்கண்காணிப்புக் கருவி மட்டும் ஒருநாளும் பழுதானதில்லை. மோட்டார் நின்ற பதினோரு நாளும், நின்றுகொண்டிருக்கிறது என்ற செய்தியைத் தவறாமல் அனுப்பிக்கொண்டே இருந்தது.

இன்னொரு குறை நிறுவனத்தைச் சேராது. செலவில்லாத வெயில், போட்ட மோட்டாரை நிறுத்தச் சொல்வதில்லை. வயலுக்குப் போதும் என்ற பிறகும் நானே பல நாள் ஓடவிட்டிருக்கிறேன். கடலோர வட்டாரங்களில், அளவின்றி இறைத்தால் உப்புநீர் நிலத்தடியில் உள்ளேறும். மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்கும் வழி குசும் திட்டத்தின் 'சி' பிரிவில் உண்டு. என்னுடையது மின்கம்பியோடு சேராத 'பி' பிரிவு.

வாங்க நினைப்பவர்களுக்கு: பலகைக்கும் மோட்டாருக்கும் தாராளமாக நல்ல மதிப்பெண் தரலாம். தூசி படிந்தால் விடியற்காலையில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், சுடும் கண்ணாடியில் ஊற்றாதீர்கள். மாவு அரைக்கவும் வைக்கோல் நறுக்கவும் பயன்படும் பொதுக் கன்ட்ரோலர் கிடைக்குமா என்று விண்ணப்பிக்கும்போதே வேளாண் பொறியியல் துறையில் கேளுங்கள். பங்குத் தொகையைக் கட்டுமுன், பராமரிப்புக் காலம் முடிந்ததும் அமைப்புக் கையேடும் கடவுச்சொல்லும் தரப்படும் என்று எழுத்தில் வாங்குங்கள். நான் வாங்கவில்லை. என் ஐந்தாண்டு 2027-இல் முடிகிறது. கேட்டு எழுதிய கடிதத்துக்கு நிறுவனத்திடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.