உனோவா, பைக்கோவா, மைக்ரோபிட்டா: எரிந்தால் எது மிஞ்சும்?

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் பிள்ளைகளுக்கு எலெக்ட்ரானிக்ஸ் பழக்க எந்த போர்டு (புரோகிராம் ஏற்றி ஓட்டும் சின்ன சர்க்யூட் பலகை) வாங்கலாம் என்று கேட்டால், என் ஓட்டு சாக்கெட் வைத்த, அதாவது சிப்பைக் கழற்றி மாட்டக்கூடிய, ஆர்டுயினோ உனோ ஆர்3-க்குத்தான்.

வேகம், மெமரி என்று பார்த்தால் உனோ தோற்றுவிடும். அதில் 2 கேபி ரேம். 2021-ல் வந்த ராஸ்பெரி பை பைக்கோவில் 264 கேபி. ஒரிஜினல் உனோவைவிட பைக்கோ மலிவு, மைக்ரோபைத்தான் என்ற எளிய புரோகிராம் மொழியும் ஓடும். பிபிசி மைக்ரோபிட்டில் 25 எல்இடி, 2 பட்டன், அசைவு சென்சார் எல்லாம் போர்டிலேயே இருக்கும். சின்னக் குழந்தைகூட கட்டங்களை இழுத்துப் போட்டு புரோகிராம் செய்துவிடும். மைக்ரோபிட்டை வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்ததில்லை என்பதால், எவ்வளவு உழைக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் பிள்ளைகள் கையில் சிப் எரியும். தூரம் அளக்கும் எச்சி-எஸ்ஆர்04 சென்சாரின் எக்கோ கால் 5 வோல்ட் தரும். உனோவில் நேரே செருகலாம். பைக்கோவின் பின்கள் (வயர் இணைக்கும் கால்கள்) 3.3 வோல்ட்டுக்கானவை, நடுவே 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டுக் குறைக்க வேண்டும். மறந்தால் அந்த ஒரு பின் மட்டும் எரிந்து போகலாம், சிப்பே போகலாம். சிப் போர்டோடு சால்டர் ஆனது, வீட்டில் மாற்ற முடியாது.

உனோவும் எரியும். ஒரு பின்னுக்கு 20 மில்லி ஆம்பியர்தான் பத்திரம். மோட்டாரை நேரே மாட்டினால் தாங்காது, நடுவே மோட்டாருக்குக் கரண்ட் தரும் எல்293டி டிரைவர் சிப் வேண்டும். ஆனால் பெரும்பாலும் போவது சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் 28 கால் ஏடிமெகா328பி சிப் மட்டும், அதை நாமே மாற்றலாம். பவரை எடுத்துவிட்டு, தட்டை ஸ்க்ரூடிரைவரை இரு முனையிலும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். ஒரே பக்கம் நெம்பினால் கால் வளையும். புதுச் சிப்பின் அரைவட்டக் குழி சாக்கெட்டின் குழியோடு சேர வேண்டும். திருப்பிப் போட்டால் சுட்டே செத்துவிடும். மெட்ரோவில் அரசினர் தோட்டம் இறங்கி, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி தெருவில் புதுச் சிப் கேட்கும்போது 'பூட்லோடர் ஏற்றினது' என்று சொல்லிக் கேளுங்கள். யுஎஸ்பி வழியாக நம் புரோகிராமை வாங்கிக்கொள்ளும் சின்ன புரோகிராம்தான் பூட்லோடர். வெறும் சிப் என்றால் இன்னொரு உனோவை வைத்து ஏற்ற வேண்டியிருக்கும். சிப் சின்னதாக, சதுரமாக ஒட்டியிருக்கும் உனோ நகல்களும் உண்டு. அவற்றில் இந்த வசதி இல்லை, வாங்காதீர்கள்.

காசிமேடு மாதிரி கடலோரத்தில் உப்புக் காற்று சாக்கெட்டையும் விடாது. நன்றாக ஓடியது திடீரென்று தடுமாறினால், சிப்பைக் கழற்றி, கால்களை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் மாட்டுங்கள். ஜம்பர் வயர்களோடு சேர்த்து, இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

ஒரே ஒரு பின் செத்த சிப்பை எறிய வேண்டாம். அந்தப் பின் நம்பரை மார்க்கரால் சிப் முதுகில் எழுதி வையுங்கள். எல்இடி மினுக்கிப் பழக மற்ற பின்கள் போதும்.