பழைய கொம்பியூட்டரைக் கடையில் கொடுத்து மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்ததால், மட்டக்களப்பில் எனக்குத் தெரிந்த பலரும் புதிது வாங்குகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது நான்காம் தலைமுறை ஐ3 புரொசசர் உள்ள பழைய மெசின். அதில் விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்ற முடியாது. டவுனில் ஒரு கடையில் புது லெப்டொப் வாங்கி, பழையதில் உள்ள எல்லாவற்றையும் அதற்கு மாற்றித் தரச் சொன்னேன். பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தொடக்கூடாது, அப்படியே திருப்பித் தரவேண்டும் என்று துண்டில் எழுதி ஒட்டியும் கொடுத்தேன். கூலி 4,000 ரூபா.

"எல்லாம் ஏத்தியாச்சு டீச்சர், ஒண்டும் விடல்ல" என்றார் கடைத் தம்பி.

வீட்டில் திறந்தால் என் வினாத்தாள் ஒன்றையும் வாசிக்க முடியவில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பிள்ளைகளுக்காக வருடக்கணக்கில் அடித்து வைத்தவை. வரிக்கு வரி ஆங்கில எழுத்துகள், இடைக்கிடை அரைப்புள்ளிகள். கடைக்குக் கோல் எடுத்தேன். "அது வைரஸ் அடிச்சு பைல் கரப்ட் ஆகியிருக்கு டீச்சர். ரிக்கவரி செய்யலாம், 15,000 வரும்."

பைல் கரப்ட் ஆகவே இல்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற தங்கச்சியின் மகன் பார்த்ததுமே சொன்னான்: "பெரியம்மா, இது பாமினியில அடிச்சது. புது மெசின்ல பாமினி இல்ல, அவ்வளவுதான்." பாமினி என்பது ஒரு தமிழ் எழுத்துரு. அதில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதே அரைப்புள்ளி விசையில்தான். எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் நாம் தட்டிய ஆங்கில விசைகள் அப்படியே தெரியும். பழையதிலிருந்து எழுத்துருவை எடுத்துப் போட்டிருந்தால் போதும். அவன் அதைப் போட்டதும் தமிழ் வந்துவிட்டது. கல்யாண அட்டையும் நோட்டீசும் தமிழில் அடித்துக் கொடுக்கிற கடைக்கு இது தெரியாதாம்! ஒரு எழுத்துருவுக்கு 15,000 ரூபா கேட்டது பச்சை ஏமாற்று.

அதைவிடப் பெரிய அநியாயம் டிஸ்க்கில் நடந்தது. டெஸ்க்டொப்பையும் டொக்கியுமென்ட்ஸ் போல்டரையும் மட்டும்தான் கொப்பி செய்திருக்கிறார்கள். இ டிரைவில் இருந்த படங்கள் வரவில்லை. எங்கள் அம்மாவின் கடைசிக்காலப் படங்களும் அதில்தான். பழைய டிஸ்க்கைக் கேட்டபோது, அதைப் போமட் செய்துவிட்டோம் என்றார்கள். நான் ஒட்டிய துண்டு அப்போதும் கேசிங்கிலேயே இருந்தது.

சண்டை பிடித்து டிஸ்க்கை வாங்கினேன். தங்கச்சியின் மகன் அதில் புதிதாக எதையும் எழுத விடாமல், வேறு கொம்பியூட்டரில் யூஎஸ்பி வழியாக மாட்டி, போட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தேடினான். குயிக் போமட் செய்தால் பைல்களின் பட்டியல்தான் போகும். மேலே வேறொன்று எழுதப்படும்வரை படங்கள் டிஸ்க்கில் கிடக்கும். அம்மாவின் படங்களில் பாதிக்கு மேல் கிடைத்தன. ஆனால் பெயரும் போல்டரும் போய், எல்லாம் எண்களாக வந்தன. எஸ்எஸ்டி என்ற புதுவகை டிஸ்க்காக இருந்திருந்தால் இந்தளவும் கிடைத்திருக்காது. போமட் செய்ததுமே டிரிம் என்ற ஏற்பாடு அனேகமாக எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

கேட்காமலே கிராக் செய்த, அதாவது உரிமமில்லாத கள்ள மைக்ரோசொப்ட் ஒபிஸ் ஒன்றையும் ஏற்றி, அதற்காக விண்டோஸ் பாதுகாப்பை அணைத்தும் வைத்திருந்தார்கள். உங்களுடையதிலும் போய்ப் பாருங்கள்.

கொடுப்பதற்கு முன் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் எல்லா டிரைவையும் நீங்களே கொப்பி எடுங்கள். விண்டோஸ் போல்டருக்குள் எழுத்துருக்கள் இருக்கும் பொன்ட்ஸ் போல்டரையும் மறக்க வேண்டாம். குரோமில் சேமித்த கடவுச்சொற்கள் போல்டரைக் கொப்பி செய்தால் வராது, அவை பழைய விண்டோஸ் கணக்கோடு பூட்டப்பட்டவை. கூகுள் கணக்கில் சிங்க் செய்துவிட்டால் புதியதில் தானாக வரும். முடிந்தால் பழைய டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, கொப்பியை மட்டும் கடைக்குக் கொண்டுபோங்கள். அங்கேயே உட்கார்ந்து தமிழ் பைல், படம், மெயில் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகுதான் காசு கொடுக்க வேண்டும். என்ன வேலை என்று எழுதிய பற்றுச்சீட்டும் கேளுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி எண்ணில் முறைப்பாடு செய்யலாம்; நான் செய்துவிட்டேன்.

இ டிரைவில் இருந்த 2016, 2017 மாதிரி வினாத்தாள்கள் இன்னும் கிடைக்கவில்லை. கல்லடியில் என்னிடம் படித்த பிள்ளைகளின் பழைய பைல்களில் அச்சுப் பிரதி ஏதும் இருந்தால், போனில் படம் எடுத்து அனுப்பி உதவுங்கள்.